இலை பிசுபிசுக்காமல் செடி காய்கிறதா? கவசச் செதில் பூச்சியை அறிகுறி வழியே கண்டறிதல்

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கும் அரளிச் செடிகளின் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றியபோது, அவற்றை மாவுப்பூச்சி என்றே நான் எடுத்துக்கொண்டேன். மாவுப்பூச்சிக்கு என்று கடையில் கொடுத்த இமிடாகுளோபிரிட் மருந்தை அளவு பார்த்துக் கலந்து மூன்று முறை வேரில் ஊற்றியும் புள்ளிகள் குறையவில்லை. கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. ஒரு நாள் குண்டூசியால் ஒரு புள்ளியை நெம்பிப் பார்த்தேன். மேலிருந்த வெள்ளை மூடி தனியாகக் கழன்று வந்தது. அடியில் மஞ்சள் நிறத்தில் கால்களற்ற ஒரு சிறு உடல் இலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது மாவுப்பூச்சி அன்று, கவசச் செதில் பூச்சி. அந்த ஊசிச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மூன்று மாதக் காலமும் இரண்டு செடிகளும் மிஞ்சியிருக்கும். ஆகவே, கீழே எந்த அறிகுறியைப் பற்றி வாசித்தாலும், மருந்துக்குக் கை நீட்டும் முன் ஊசியை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

தேவையானவை மூன்று: பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், ஒரு குண்டூசி, ஒரு வெள்ளைத் தாள். பாதிக்கப்பட்ட இலையையோ சிறு குச்சியையோ வெட்டித் தாளின் மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செதிலின் ஓரத்தில் ஊசி முனையைச் செருகி மெல்ல நெம்புங்கள். சாம்பார்க் கிண்ணத்தின் மூடியைத் திறப்பதுபோல் மேற்பகுதி மட்டும் கழன்று, உடல் அடியில் தங்கினால் அது கவசச் செதில் பூச்சி. மூடியும் உடலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே பெயர்ந்து, ஈரக்கசிவோடு வந்தால் அது மென்செதில் பூச்சி. மாவு போன்ற மெழுகு கையில் ஒட்டி, அடியில் இருப்பது கால்களோடு மெதுவாக நகர்ந்தால் அது மாவுப்பூச்சி.

ஒரே ஒரு செதிலை நெம்பிப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். தோலுரிக்கும் தறுவாயில் இருக்கும் பூச்சியின் உடல் மூடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரோஜாவிலும் எலுமிச்சையிலும் காணப்படும் அயோனிடியெல்லா ஆரன்டி என்னும் சிவப்புச் செதிலின் முதிர்ந்த பெண்ணும் அப்படியே மூடியிலிருந்து பிரியாமல் நிற்கும். பத்துச் செதில்களையாவது நெம்பிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை எப்படிக் கழல்கின்றன என்பது தெளிவாகிவிடும்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், மருந்து வேலை செய்வதும் செய்யாததும் இதைப் பொறுத்தே இருக்கிறது என்பதுதான். கவசச் செதில் பூச்சிகள் டையாஸ்பிடிடே என்னும் தனிக் குடும்பம்; உலகில் ஏறத்தாழ 2,500 இனங்கள் அறியப்பட்டுள்ளன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள் உண்டு. அது சில மணி நேரமோ, ஓரிரு நாளோ நடந்து, இடம் பார்த்து, தன் உறிஞ்சுகுழலைச் செடியில் செருகி அமர்ந்ததும், மெழுகு இழைகளையும் உரித்துப் போட்ட பழைய தோலையும் சேர்த்துத் தன் தலைக்கு மேல் ஒரு கூரை கட்டிக்கொள்கிறது. முதல் தோலுரிப்போடு கால்கள் போய்விடும். பெண் பூச்சி அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த இடத்தை விட்டு அசையாது. மென்செதிலும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றுக் குழாயில் குழலைச் செருகி இனிப்புச் சாற்றை உறிஞ்சி, மிகுதியைத் தேன் போலக் கழிக்கின்றன. கவசச் செதில் பூச்சியோ அந்தக் குழாயைத் தொடுவதில்லை. இலைத்தசையிலும் பட்டையிலும் உள்ள செல்களை ஒவ்வொன்றாகக் குத்தி வெறுமையாக்குகிறது. அதனால் தேன்கசிவு இல்லை. வேர் வழியே ஏறும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அதன் வாய்க்குப் போதிய அளவில் போய்ச் சேர்வதும் இல்லை. என் அரளிகளுக்கு நான் ஊற்றிய மருந்து வீணானது இதனால்தான்.

அறிகுறி: இலை பிசுபிசுக்கிறது, கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறது, எறும்பு ஏறுகிறது

இது கவசச் செதில் பூச்சியின் வேலை அன்று. தேன்கசிவின் மேல் வளரும் கரும்பூசணமே அந்தக் கறுப்பு. மென்செதில், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி ஆகிய நான்கில் ஒன்றைத் தேடுங்கள். சென்னை வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: செடிக்கு நேர் மேலே தென்னை மரம் நிற்கிறதா? இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலையின் அடியில் குடியேறும்போது, அதன் தேன்கசிவு கீழே உள்ள குரோட்டன்ஸ், இட்லிப்பூ, கறிவேப்பிலை எல்லாவற்றின் மேலும் சொட்டிக் கறுக்க வைக்கும். கீழ்ச்செடியில் ஒரு பூச்சியும் இராது. குற்றம் மேலே இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிசுபிசுப்பு இருப்பதாலேயே கவசச் செதில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே செம்பருத்தியின் தளிரில் மாவுப்பூச்சியும் அடித்தண்டில் வெண்செதிலும் ஒருங்கே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தளிரைப் பார்த்த கண் தண்டையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இலையின் மேற்புறம் மஞ்சள் புள்ளிகள், பிசுபிசுப்பு இல்லை

இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளி தெரியும் இடத்திற்கு நேர் கீழே ஒரு செதில் ஒட்டியிருந்தால் விடை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. செல்கள் வெறுமையானதால் பச்சையம் போய், பூச்சி இருக்கும் இடம் மறுபுறத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. செதிலின் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு அடுத்த கட்டத்திற்குப் போகலாம்.

நெற்றியில் ஒட்டும் சிறிய ஸ்டிக்கர் பொட்டுபோல் வட்டமாக, கருஞ்சிவப்போ கறுப்போ கொண்டு, நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மொட்டு தெரிந்தால், அது கிரிசோம்பலஸ் அயோனிடம் என்னும் வட்டக் கருஞ்செதிலாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஃபைகஸ், அரேகா, குரோட்டன்ஸ் ஆகியவற்றின் இலையை அது விரும்பும். மூடி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, உள்ளே மஞ்சள் உடல் ஆஃப்பாயில் முட்டைபோல் காணப்பட்டால், தென்னையையும் அலங்காரப் பனைகளையும் தாக்கும் அஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர் இனத்தை நினைக்கலாம். ஒரு முனை கூர்ந்து மறுமுனை அகன்ற பேரிக்காய் வடிவில், வெள்ளை மூடியின் கூர்முனையில் மஞ்சள்பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால், அரளியில் நான் கண்ட வகை அது.

ஒரே செடியில் வட்டமானவற்றுக்கு நடுவே, அரிசி நொய் போல நீண்ட சிறிய செதில்களும் இருந்தால் இரண்டு இனங்கள் என்று குழம்ப வேண்டாம்; பெரும்பாலும் அவை அதே இனத்தின் ஆண்கள். ஆண் வளர்ந்து சிறகோடு வெளியேறும். அதற்கு வாயே இல்லாததால் சிறிது காலமே வாழும். நம் கண்ணுக்கு எப்போதும் படுவது பெண்ணின் கவசம்தான், அதுவும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில்.

இப்படி நிறமும் வடிவமும் பார்த்துச் சொல்வது இனத்தை ஊகிப்பதே ஆகும். உறுதியாகச் சொல்ல, பெண் பூச்சியின் உடலைக் கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தி, அதன் பின்முனைத் தட்டின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அது பூச்சியியலாளரின் வேலை. வீட்டுத் தோட்டத்தில் வைத்தியத்துக்கு இனப்பெயர் பெரும்பாலும் தேவைப்படாது. கவசச் செதிலா இல்லையா என்பதுதான் தேவை.

அறிகுறி: செம்பருத்தித் தண்டில் தேங்காய்த் துருவல் தூவியதுபோல் வெண்மை

இதில் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது, பின்னாஸ்பிஸ் ஸ்ட்ராக்கானி என்னும் வெண்செதில். தூரத்திலிருந்து தெரியும் வெண்மை முழுவதும் ஆண்களின் நீண்ட மூடிகளே. லென்ஸில் அவற்றின் முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் தெரியும். பெண்கள் சற்றுப் பெரியவை, சிப்பி வடிவில், பட்டையின் நிறத்தோடு கலந்து வெளிறிய பழுப்பாக ஒளிந்திருக்கும். வெண்மையைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஆண்களை மட்டுமே அகற்றியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, மாவுப்பூச்சி, பஞ்சுபோல் பிரியும், அடியில் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ உடல் நசுங்கும், தளிர் சுருண்டு முடங்கும்.

மூன்றாவது பூச்சியே அன்று. போர்த் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிச் செடியைக் குளிப்பாட்டும் வீடுகளில், நீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்புப்படிவு வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடுகிறது. கடலோரப் பகுதிகளிலும் உவர்நீர் ஏறிய பகுதிகளிலும் இதைச் செதில் என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சுண்ணாம்புப்படிவு நுரைத்துக் கரையும். செதில் அப்படியே இருக்கும்.

அறிகுறி: தண்டில் மேடுகள், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை

அவை பெரும்பாலும் பட்டையின் மூச்சுத்துளைகள். சம இடைவெளியில், ஒரே அளவில், ஆரோக்கியமான கிளையிலும் இருக்கும். சுரண்டும்போது பட்டையின் பச்சை வெளிப்பட்டால் அது செடியின் உறுப்பே, விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ரோஜாவின் அடித்தண்டு சொரசொரப்பாகிக் கிளை ஒவ்வொன்றாகக் காய்கிறது

வயதான ரோஜாச் செடியில் செம்பழுப்புச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டையே அதுதான் என்று தோன்றும் அளவுக்குப் படிந்துவிடும். பூ சிறுத்தல், தளிர் குன்றுதல், பின்பு கிளை காய்தல் என்ற வரிசையில் செடி தளர்கிறது. இங்கே மருந்தைவிட கத்தரிக்கே முதலிடம். மிகுதியாகப் பாதித்த கிளையை அடியோடு வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டிக்கடியில் மூடாக்காகப் போட்டால், வெட்டிய குச்சி வாடும் முன் குஞ்சுகள் மீண்டும் ஏறிவிடும். மிஞ்சும் தண்டைப் பழைய பல்தூரிகையால் சோப்பு நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்க்கும் வழக்கம் நம்மூரில் நெடுங்காலமாக இருக்கிறது. அது செதிலைக் கொல்லும் என்றாலும், இளம் பட்டையை வேகவைத்துவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பொறுமையாகத் தேய்த்தாலே குடியிருப்பின் பெரும்பகுதி போய்விடும், ஏனெனில் பெயர்க்கப்பட்ட பெண் பூச்சிக்குக் கால் இல்லை. அதனால் திரும்பி ஏற முடியாது.

அறிகுறி: மருந்தடித்தும் செதில்கள் அப்படியே இருக்கின்றன

என்னிடம் கேட்பவர்களில் பலரின் சிக்கல் இதுவே. இதற்கு இரண்டு நேர்மாறான விடைகள் இருக்கின்றன.

ஒன்று, மருந்து வேலை செய்திருக்கிறது. பூச்சி செத்தாலும் கவசம் உதிர்வதில்லை; மாதக்கணக்கில் ஒட்டியே இருக்கும். எனவே எண்ணிக்கையைப் பார்க்காமல், உயிரைப் பாருங்கள். இருபது முப்பது மூடிகளை நெம்பி, அடியில் இருப்பதை ஊசியால் அழுத்துங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் சாறு வந்தால் உயிரோடு இருக்கிறது; பழுப்பாகக் காய்ந்த தூள் உதிர்ந்தால் இறந்துவிட்டது. மருந்தடிக்கும் முன்பு ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் எண்ணி எழுதி வைத்தால், உண்மை நிலவரம் கண்முன் இருக்கும். செத்த கூடுகளின் மேல் மறுபடியும் மறுபடியும் மருந்தடிப்பதால் நன்மை செய்யும் பூச்சிகள்தாம் அழிகின்றன.

மற்றொன்று, மருந்து வேலை செய்யவில்லை. மேலே பட்டு ஓடும் தொடு மருந்து கவசத்தைக் கடப்பதில்லை. அதற்கு எளிதில் இரையாவது கூரை கட்டாத குஞ்சு மட்டுமே. ஆகவே குஞ்சு நடமாடும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் இருபுறமும் ஒட்டும் டேப்பைப் பாதித்த குச்சியில் இரண்டு இடங்களில் சுற்றி, வாரம் ஒருமுறை கழற்றி லென்ஸில் பாருங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் தூசிபோன்ற புள்ளிகள், ஆறு கால்களோடு, ஒட்டியிருந்தால் அந்த வாரமே மருந்துக்கு ஏற்றது. குளிர்நாட்டுத் தோட்டநூல்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை குஞ்சு வரும் என்று எழுதியிருப்பதைச் சென்னைக்குப் பொருத்த முடியாது. இங்கே பூச்சியை உறங்கவைக்கும் குளிர்காலம் இல்லாததால், தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. டேப்பில் ஏறக்குறைய எல்லா மாதமும் ஏதேனும் படியும். எனவே ஒருமுறை தெளிப்பது போதாது. பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டியிருக்கும்.

தெளிப்பதற்கு எண்ணெயே சிறந்தது, ஏனென்றால் அது விஷத்தால் கொல்லாமல், மூடியின் அடியிலும் புகுந்து பூச்சியின் மூச்சை அடைக்கிறது. தோட்டக்கலைக்கான கனிம எண்ணெய் கிடைத்தால் புட்டியில் சொன்ன அளவில், பொதுவாக லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி வரை, கலக்குங்கள். கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 10 மில்லியில் தொடங்கலாம். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு குழைத்து, பின்பு நீரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைப் பொசுக்கும். இந்தக் கலவைக்குப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்பு சோப்பைத் திரித்துவிடும்; பிடித்து வைத்த மழைநீர் நல்லது, இல்லாவிட்டால் மெட்ரோ தண்ணீர் போதும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீர் உப்பு மிகுந்தது, அதை எடுக்கவே கூடாது. இலையின் அடிப்புறமும் தண்டின் சுற்றுப்புறமும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். படாத இடத்தில் எண்ணெய் ஒன்றும் செய்யாது.

வெயில் காலத்தில் எண்ணெய் தெளிப்பது ஆபத்தானது. அக்கினி நட்சத்திர நாட்களில் தெளிக்காமல், தேய்ப்பதும் கத்தரிப்பதும் மட்டும் செய்யுங்கள். மற்ற மாதங்களிலும் வெயில் சாய்ந்த பிறகே தெளித்து, முந்தைய நாளே செடிக்கு நிறைய நீர் விட்டிருங்கள். ரோஜாவில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளித்திருந்தால், ஒரு மாதம் கழியாமல் எண்ணெய் தெளிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும். புதுச் செடி என்றால் இரண்டு இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

வேரில் ஊற்றும் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பருத்தியின் பூவையும் இலையையும் தலைக்குத் தேய்க்கிறோம், மல்லிகையைக் கூந்தலில் சூடுகிறோம், பக்கத்துத் தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, கவசச் செதிலைக் கொல்லாத ஒரு நஞ்சை, பூவிலும் தேனிலும் சேரும்படி ஊற்றுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: போனது மீண்டும் மீண்டும் வருகிறது

இங்கே செடியை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். கவசச் செதிலை இயற்கையில் கட்டுக்குள் வைத்திருப்பவை அஃபைட்டிஸ் போன்ற நுண்குளவிகளும், சைலோகோரஸ் நைக்ரிட்டா என்னும் கறுப்புப் பொறிவண்டும். பளபளக்கும் கறுப்பு மிளகைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததுபோன்ற இந்த வண்டு நம் துணைக்கண்டத்தில் இயல்பாக வாழ்வது; செதிலை அடக்குவதற்காகவே வேறு பல நாடுகளுக்கு இதைக் கொண்டு சென்றிருக்கிறார்கள். இதன் புழு முள்முள்ளாக இருப்பதால் அதைப் பூச்சி என்று நசுக்கிவிடுகிறவர்கள் பலர். கவசத்தில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. மூடி கிழிந்து கடிபட்டிருந்தால் வண்டு தின்றிருக்கிறது. நெம்பிப் பார்த்த செதில்களில் இத்தகைய துளைகள் நிறையத் தெரிந்தால், நான் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருப்பேன்.

இந்த நண்பர்களைக் கெடுப்பவை மூன்று. முதலாவது புழுதி: மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையோர வீடுகளில் இலைமேல் படியும் மண் குளவிகளைத் தேடவிடாமல் தடுக்கிறது, வாரம் ஒருமுறை இலையின் இருபுறமும் நீர் பீய்ச்சிக் கழுவுவதே பாதி மருத்துவம். இரண்டாவது எறும்பு: கவசச் செதிலுக்காக அது வருவதில்லை என்றாலும், அதே செடியின் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும்போது குளவியை விரட்டிவிடுகிறது. மூன்றாவது கொசு மருந்துப் புகை. அமெரிக்காவின் தெற்கு டாஹோ ஏரிப் பகுதியில் கொசுவுக்காக மாலத்தியான் புகை அடித்துவந்த காலத்தில் பைன் மரங்களில் செதில் பூச்சி பெருகியதும், புகையை நிறுத்தியபின் இயற்கை எதிரிகள் திரும்பி அது தானே குறைந்ததும் 1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதிவாகியுள்ளன. புகை தவறாமல் விழும் மதிலோரச் செடிகளில் செதில் விடாமல் வந்தால், தொட்டியைப் பின்கட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

யூரியா மிகுதியாகப் போட்டு வளர்க்கும் செடி, நெருக்கி அடுக்கிய தொட்டிகள், நர்சரியிலிருந்து வந்த அன்றே கூட்டத்தில் வைத்த புதுச்செடி ஆகியவையும் காரணமாகலாம். ஈ.சி.ஆர். சாலையோர நர்சரிகளில் செடி வாங்கும்போது பூவைப் பார்ப்பதற்கு முன் முதிர்ந்த இலையின் அடிப்புறத்தையும் கிளைக்கவட்டையும் பாருங்கள். வாங்கியபின் மூன்று வாரம் தனியே வையுங்கள்.

சைக்கஸ் செடியில் வெள்ளைப் படலம்

இதை மட்டும் காத்திருக்காமல் உடனே கவனியுங்கள். தாய்லாந்தில் கண்டறியப்பட்டு 1977-இல் பெயரிடப்பட்ட ஆலகாஸ்பிஸ் யசுமட்சுயி என்னும் இனம், 1990களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்தபின் அங்குள்ள சைக்கஸ் செடிகளைப் பெருமளவில் அழித்தது. அது இலையோடு நிற்காமல் மண்ணுக்கடியில் வேரிலும் குடியேறுவதால், மேலே தெளித்துத் துடைத்தபின்பும் கீழிருந்து மீண்டு வரும். உங்கள் சைக்கஸ் ஓலையில் வெள்ளைப் படலம் தெரிந்து, நெம்பும்போது மூடி தனியாகக் கழன்றால், செடியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, மேல்மண்ணை விலக்கி வேரையும் லென்ஸால் பாருங்கள். பாதித்த ஒரு துண்டு ஓலையை மூடிய பையில் போட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்களிடமோ அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ காட்டுங்கள். பையின் மேல் செடியின் பெயரும், வாங்கிய இடமும், முதலில் கண்ட தேதியும் எழுதியிருந்தால் அவர்கள் வேலை எளிதாகும்.